லைம்லைட்டும் போஸ்டர் தேதியும்

பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வருஷா வருஷம் ஏதாவது ஒரு பாடத்தில் ‘லைம்லைட்’ என்ற சொல் வந்து நிற்கும். நோட்ஸ் புத்தகத்தில் அதற்குப் ‘புகழ் வெளிச்சம்’ என்று போட்டிருப்பார்கள். பத்திரிகைக்காரர்கள் ‘ஊடக வெளிச்சம்’ என்பார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்காது. சொல்லின் வயிற்றுக்குள் இருப்பதை இரண்டும் சொல்வதில்லை. அதனால் கரும்பலகையில் ஒரு மேடையை வரைந்து, மேலே ஒரு மூலையில் விளக்கு ஒன்றை வரைந்து, பழைய கதையைச் சொல்வேன்.

கரண்ட் வராத காலத்தில் வெள்ளைக்காரர்கள் நாடகம் போடும்போது, சுண்ணாம்புக் கட்டி ஒன்றை வாயு நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார்கள். அது வெள்ளை வெளேர் என்று கண் கூச எரியும். அந்த ஒளியைக் குவித்து ஒரே ஒரு நடிகர்மேல் அடிப்பார்கள். விளக்குக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று, நடிகர் போகிற பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் வேறு ஆள் பக்கம் திருப்பிவிட்டால் முதல் நடிகர் இருட்டில். மற்றவர்கள் நிற்கிற இருட்டைவிட அது கொஞ்சம் கூடுதலான இருட்டு, ஏனென்றால் பார்க்கிறவர்களின் கண் கூசிப்போயிருக்கும். இதைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் வாக்கியம் அமைப்பார்கள். இன்ன கிரிக்கெட் வீரர் லைம்லைட்டில் இருக்கிறார், இன்ன நடிகை லைம்லைட்டுக்கு வந்தார். எல்லாம் சரிதான் என்று டிக் போடுவேன்.

இப்போதும் டிக் போடுகிறேன். மேடை வரைவதை மட்டும் விட்டுவிட்டேன். காரணம் என் தங்கையின் வீட்டுக்காரர்.

எனக்கு வீடு விளாங்குடியில். தங்கைக்கு ஆனையூரில். மாப்பிள்ளை வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். காலையில் டூவீலரில் கிளம்பிப் போய், சாயங்காலம் வேர்த்து வழியத் திரும்பி வருகிற ஆள். மாதா கோயில் பாட்டுக் குழுவில் கடைசி வரிசையில் நின்று, வாயை மட்டும் அசைப்பார். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறார்கள் என்றால் பந்திக்குப் போய்விடுவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பள்ளியில் இருக்கிற அத்தனை பிள்ளைகளின் பெயரும், இனிஷியலோடு, அவருக்குத் தெரியும். அதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஊருக்கு ஒன்றுமில்லாமல் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து கால்வாய் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்த நேரம். வேறு ஏதோ ஒரு பள்ளியின் வேன், பாலத்துத் திருப்பத்தில் சறுக்கிக் கால்வாய்க்குள் சாய்ந்துவிட்டது. பின்னால் வண்டியில் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளை குதித்துவிட்டார். வயல்காட்டிலிருந்து ஆட்கள் ஓடி வருவதற்குள் சின்னப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் போட்டிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டன. கடைசியாக ஒருமுறை உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கப் போனபோது வேன் புரண்டு அவரை அமுக்கிவிட்டது. வெளியே எடுத்தபோது அசைவில்லை. கரையில் நின்றவர்கள் போய்விட்டார் என்றே நினைத்தார்கள். அதில் ஒருவர் தனக்குத் தெரிந்த நிருபருக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகுதான் நாடி இருப்பது தெரிந்தது. அதை யாரும் யாருக்கும் போன் போட்டுச் சொல்லவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தங்கை ஐசியூ வாசல் ஹாலில், சுவரில் மாட்டிய டிவிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். டிவியில் கால்வாயும் கவிழ்ந்த வேனும் ஓடிக்கொண்டிருந்தன. கீழே சிவப்புப் பட்டையில், ‘குழந்தைகளைக் காப்பாற்றி உயிர்நீத்த பள்ளி ஊழியர்.’ அவள் அதைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். அதில் ஒரு அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அப்போதுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள்.

பார்த்தவள் கத்தவில்லை. எழுந்து போய் ஐசியூ கதவை இரண்டு கையாலும் தட்டினாள். நர்ஸ் வந்து கதவை லேசாகத் திறந்தார்.

“சிஸ்டர், டிவில இப்படிப் போடுறாங்க. எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லலை?”

“யாரும்மா சொன்னது? உள்ளதான் இருக்காரு. மூச்சு இருக்கு. இங்க வந்து கண்ணாடி வழியாப் பாருங்க.”

பார்த்துவிட்டு வந்து பழையபடி உட்கார்ந்தாள். “அண்ணே, அதை அமத்தச் சொல்லு” என்றாள். செக்யூரிட்டியிடம் கேட்டேன். ரிமோட் தன்னிடம் இல்லை, மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார். ஸ்டூலைப் போட்டு ஏறி நானே பொத்தானைத் தேடி அழுத்தினேன். டிவி அணையவில்லை, வேறு சேனல் வந்தது. அதிலும் மாப்பிள்ளை இறந்துபோயிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முதல் நிருபரின் நம்பரை யார் யாரிடமோ வாங்கிக் கூப்பிட்டேன். நல்ல பையனாகத்தான் பேசினான். “அப்படியா சார், ரொம்ப சந்தோஷம் சார். ஆனா ஸ்டோரி போயிருச்சே. நீங்க ஒண்ணு பண்ணுங்க, மேடத்தை கேமரா முன்னாடி ரெண்டு வார்த்தை, ஒரு பைட் கொடுக்கச் சொல்லுங்க. உங்க மாப்பிள்ளை இப்ப நல்ல லைம்லைட்ல இருக்காரு. இப்பவே பேசினாத்தான் மேடத்துக்குக் கவர்மென்ட்ல ஒரு வேலையாவது கிடைக்கும். நாளைக்கு வேற ஏதாவது வந்துரும் சார்.”

என்னுடைய சொல்லை அவன் சரியாகத்தான் பயன்படுத்தினான். என் வகுப்பில் எழுதியிருந்தால் டிக் போட்டிருப்பேன். உயிர் இருக்கிறதா இல்லையா என்பது அந்தச் சொல்லுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். போனை வைத்துவிட்டேன்.

ஆனையூரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. மதுரைக்காரர்களுக்குப் போஸ்டர் என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காது குத்துக்குப் போஸ்டர், சடங்குக்குப் போஸ்டர், சாவுக்குப் போஸ்டர். அதிலும் கண்ணீர் அஞ்சலி என்றால் முந்துகிறவனுக்குத்தான் மரியாதை. பிணம் வீட்டுக்கு வருவதற்குள் தெரு முனையில் போஸ்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இவனெல்லாம் ஒரு கூட்டாளியா என்று கேட்டுவிடுவார்கள். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் டிவியைப் பார்த்தார்கள், அழுதார்கள், அழுதபடியே அச்சகத்துக்குப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. டிவியிலேயே சொன்ன பிறகு கேட்டால், பாசம் இல்லாதவன் மாதிரி ஆகிவிடும் அல்லவா?

பொழுது சாய்வதற்குள் ஆனையூர் முழுக்க மாப்பிள்ளை முகம். நான்கு வகைப் போஸ்டர். கூட்டாளிகள் ஒன்று, கோயிலில் தெருவாரியாகக் கூடி ஜெபிக்கிற அன்பியக் குடும்பங்கள் ஒன்று, வார்டுக் கட்சிக்காரர்கள் ஒன்று, பழைய மாணவர்கள் ஒன்று. எல்லாவற்றிலும் சிலுவை, மெழுகுவர்த்தி, ‘மண்ணில்’ என்று பிறந்த தேதி, ‘விண்ணில்’ என்று செவ்வாய்க்கிழமையின் தேதி. கீழே ஒட்டினவர்களின் முகங்கள் வரிசையாக, கூலிங் கிளாஸோடு சிலர். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நாற்காலி இறக்கி, ஃப்ரீசர் பெட்டிக்கும் சொல்லியாகிவிட்டது. பூட்டின வீட்டுக்கு மாலையோடு வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

நான் போய் விஷயத்தைச் சொன்னேன். “தெய்வமே” என்று சிலர் கும்பிட்டார்கள். உண்மையாகவே சந்தோஷப்பட்டவர்கள் பலர். ஆனால் லீவு போட்டு வந்திருந்த ஒருவர் கையிலிருந்த மாலையைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பந்தல்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, பிரிச்சிரவா, இல்ல ரெண்டு நாள் கிடக்கட்டுமா?” என்று கேட்டார். அவரை அடிக்காமல் வந்ததே பெரிய விஷயம்.

கூட்டாளிகளில் முக்கியமானவன் ஒருவன். மாப்பிள்ளையோடு ஒன்றாகப் படித்தவன், அச்சகத்துக்கு முதலில் ஓடியவனும் அவன்தான். தலையில் அடித்துக்கொண்டு, “பாசத்துல முந்திட்டோம்ணே” என்றான். விடிந்ததும் எல்லாவற்றையும் கிழித்துவிடுவதாகச் சொன்னான். ஒட்டின போஸ்டரைக் கிழிப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கட்சிக்காரர்கள் போஸ்டரைக் கட்சிக்காரர்களைக் கேட்காமல் தொட முடியாது. அன்பியத்தார் போஸ்டரில் சிலுவை இருந்தது, அதைக் கிழிக்கக் கை வரவில்லை. புதன்கிழமை முழுக்க இதைப் பேசியே கழித்தார்கள்.

அதற்குள் வியாழக்கிழமை மாப்பிள்ளை கண் விழித்தார்.

குழாயை எடுத்ததும் முதலில் கேட்டது, “புள்ளைங்க?” தங்கை, “எல்லாம் நல்லாருக்குதுங்க” என்றாள். இரண்டாவது, “வண்டி?” கால்வாய்க் கரையில் சாவியோடு விட்டுவிட்டு வந்த டூவீலர். அதைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் நிம்மதியாகக் கண்ணை மூடினார். தங்கை வெளியே வந்து என்னிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “வண்டியைக் கேக்காருண்ணே, என்னைக் கேக்கலை, வண்டியைக் கேக்காரு.” அப்படி அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நான் மறுபடி நிருபருக்குப் போன் போட்டேன், கண் விழித்துவிட்டார், பேசுகிறார், அதைப் போடுங்கள் என்று. “சூப்பர் சார்” என்றான். அன்று ஏதோ ஒரு நடிகரின் விவாகரத்து ஓடிக்கொண்டிருந்தது. இடமிருந்தால் பார்க்கிறேன் என்றான். இடம் இல்லை.

வெள்ளிக்கிழமை அவரை வார்டுக்கு மாற்றினார்கள். கூட்டாளி பார்க்க வந்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன மாப்ள, நான்தான் பொழைச்சுட்டேன்ல?” என்றார். அவன் மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இருக்கிற மூச்சும் இந்த அதிர்ச்சியில் போய்விடுமோ என்று பயந்தேன்.

மாப்பிள்ளை தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். பிறகு, “எந்தப் போட்டோடா போட்டீங்க?” என்று கேட்டார்.

“உன் கல்யாணத்துல எடுத்ததுதான் மாப்ள.”

“அதுவா. அதுல முடி நல்லா இருக்கும்.” இருமிக்கொண்டே சிரித்தார். “கிழிச்சிராதீங்கடா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம். நானே வந்து ஒருதடவ பாத்துக்கிறேன். இம்புட்டுப் பேரு எனக்குப் போஸ்டர் ஒட்டுவாங்கன்னு நான் எங்க கண்டேன். என்ன மச்சான்?”

நான் சிரித்து வைத்தேன். போட்டோ என்றால் பந்திக்கு ஓடுகிற ஆள் தன் சாவுப் போஸ்டரைப் பார்க்க ஆசைப்பட்டார். தங்கை அவர் வாயில் மெதுவாக அடித்தாள். அப்புறம் அவளும் நானும் டீ குடிக்கப் போன நேரத்தில் மாப்பிள்ளையும் கூட்டாளியும் சின்ன வயதில் கண்மாயில் குளித்த கதையைப் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

சனிக்கிழமை காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலுக்குள் போயிருந்த கால்வாய்த் தண்ணீர் சும்மா இருக்கவில்லை, உள்ளே கிருமி பரவிவிட்டது என்றார் டாக்டர். மறுபடி ஐசியூ, மறுபடி அந்த ஹால். தங்கை டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. இந்த முறை டாக்டரே வெளியே வந்து அவளிடம்தான் முதலில் சொன்னார்.

இந்தச் சாவை யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. போன் போட்டவர்களில் பாதிப் பேர், “ஆமா சார், டிவில பாத்தேன், வருத்தமா இருந்துச்சு” என்றார்கள். இல்லை, இன்றைக்குத்தான் என்று விளக்கினால், “ஓ, அப்படியா” என்று இழுத்தார்கள். நிருபர் தானே கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தான். “நியூஸ் போடணும்தான் சார். ஆனா அதான் அன்னைக்கே போட்டுட்டோமே. மறுபடி போட்டா முன்னாடி போட்டது தப்புன்னு ஆயிரும்.” அடக்கத்துக்கு வந்த கூட்டம், செவ்வாய்க்கிழமை மாலையோடு காத்திருந்த கூட்டத்தில் பாதிகூட இல்லை. அன்றைக்கே லீவைச் செலவழித்துவிட்டார்களே. பந்தல் மட்டும் அப்படியே கிடந்தது.

போஸ்டரும் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை கிழிக்க வேண்டாம் என்று சொன்னதால் கூட்டாளி எல்லாரிடமும் சொல்லி நிறுத்தி வைத்திருந்தான். இப்போது புதிதாக ஒட்டத் தேவையில்லை, ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. செய்தி உண்மையாகிவிட்டது, தேதி மட்டும்தான் இடித்தது.

அந்தத் தேதியைத்தான் தங்கை பிடித்துக்கொண்டாள். அழுது ஓய்ந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “அண்ணே, அந்தத் தேதியை மாத்தச் சொல்லு. அவுக சனிக்கிழமை வரைக்கும் இருந்தாக.”

சின்ன விஷயம் என்றுதான் நினைத்தேன். போஸ்டர் மழையில் ஊறித் தானே உரிந்துவிடும், போகட்டும் என்று விட்டேன். ஆனால் கூட்டாளிகளும் பழைய மாணவர்களும் சேர்ந்து கல்லறைக்குக் கருங்கல் பலகை செய்து கொண்டுவந்தார்கள். கல் வெட்டுகிறவரிடம் மாதிரிக்குப் போஸ்டரையே கொடுத்திருக்கிறார்கள். அதே சிலுவை, அதே கல்யாணப் போட்டோ, ‘விண்ணில்’ என்று அதே செவ்வாய்க்கிழமைத் தேதி. ஒரு பெரிய மனிதரைக் கூப்பிட்டுத் திறந்தும் வைத்துவிட்டார்கள். துணி விலகியபோதுதான் நாங்கள் பார்த்தோம். தங்கை என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாற்றக் கேட்டேன். கல்லில் வெட்டினதை அழிக்க முடியாது, வேறு கல்தான் வாங்க வேண்டும் என்றார்கள். கூட்டாளி உண்மையிலேயே வருத்தப்பட்டான். மற்றவர்கள் சொன்ன நியாயம் வேறு: “ஊருக்கே அந்தத் தேதிதான் தெரியும்ணே. புள்ளைங்களைக் காப்பாத்தி உயிரை விட்டாருன்னா அன்னைக்கு விட்டாத்தான பொருத்தம்? நாலு நாள் ஆஸ்பத்திரில கிடந்து செத்தாருன்னா ஒரு மாதிரி இருக்காது?” சொன்னவர் கெட்டவர் இல்லை. மாப்பிள்ளைக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நம்பினார். நான் வேறு கல் வாங்கித் தருகிறேன் என்றேன். பெரிய மனிதர் திறந்த கல்லைப் பெயர்ப்பதா என்று பயந்தார்கள்.

வருஷ நினைவு நாளும் போஸ்டர் தேதியில்தான் வந்தது. கோயிலில் திருப்பலி, வெளியே ஃப்ளெக்ஸ், யாரோ யூடியூப் நடத்துகிறவர் கேமராவோடு. பூசை முடிந்ததும் தங்கையை இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அவள் வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வாங்கினாள்.

“எல்லாரும் வந்ததுக்கு நன்றி. ஆனா இன்னைக்கு அவுக சாகலை. போன வருஷம் இதே நாள்ல ஐசியூக்குள்ள போயி அவுக கையை நான் பிடிச்சிருந்தேன், சூடா இருந்துச்சு. அதுக்கப்புறம் கண்ணைத் திறந்தாக. வண்டி எங்கன்னு கேட்டாக. சிரிச்சாக. அந்த நாளெல்லாம் எனக்கு வேணும். இன்னும் நாலு நாள் கழிச்சு வாங்க, அன்னைக்கு நாம அழுவோம்.”

யூடியூப்காரர் கேமராவை இறக்கிவிட்டார். பங்குச் சாமியார் மெதுவாக மைக்கை வாங்கி, எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி சொன்னார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பாவம், இன்னும் தெளியவில்லை என்று ஒரு அம்மா என் காதில் சொன்னது.

நான்கு நாள் கழித்து நாங்கள் இருவர் மட்டும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கூட்டாளி வருவதாகச் சொல்லியிருந்தான். கேட் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தோம், அப்புறம் பார்க்கவில்லை. தங்கை கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தாள். கல்யாணப் போட்டோவில் முடி நன்றாகத்தான் இருந்தது.

பையிலிருந்து தடிமனான மெழுகுவர்த்திகளை எடுத்தாள். வழக்கமாகச் சிலுவைக்குக் கீழேதான் வைப்பார்கள். அவள் ஒன்றைப் பற்றவைத்துச் சாய்த்து, ‘விண்ணில்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சொட்டவிட்டாள். ஒரு எண் மூடும் வரை சொட்டு, அப்புறம் அடுத்தது. தேதி முழுக்க வெள்ளையாக மூடிய பிறகு அந்தச் சூட்டிலேயே மெழுகுவர்த்தியை ஊன்றினாள். வயல் பக்கமிருந்து காற்று அடித்தது. சுடர் படுத்துப் படுத்து எழுந்தது.

“அண்ணே, காத்து அணைச்சிரும். இந்தப் பக்கம் வந்து கையை வச்சு மறைச்சுக்க” என்றாள்.

நான் மெழுகுவர்த்திக்குப் பின்னால் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் கல்லிலிருந்த மாப்பிள்ளையின் முகத்தில் மட்டும் விழுந்தது. அவள் பார்த்து முடிக்கும் வரை நான் கையை எடுக்கவில்லை.